எட்டு எண்ணும் வரை அசையக் கூடாது

கிரைண்டர் வாங்கி வரச் சொல்லி அம்மா சித்தப்பாவைப் போர்ட் பிளேருக்கு அனுப்பினாள். சித்தப்பா கேமரா வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் தீவின் ஹட் பே ஜெட்டியில் சாக்கு சுற்றிய அந்த உருப்படியை இரண்டு பேர் தூக்கி இறக்கியபோது, அதன் பருமனைப் பார்த்து அம்மா கிரைண்டர்தான் என்று முழுசாக நம்பிவிட்டாள். வீட்டில் அரிசிகூட ஊறப் போட்டிருந்தாள். சாக்கைப் பிரித்தால் உள்ளே ஒரு பழைய மரப்பெட்டி, பித்தளைக் குழாய்க்குள் ஒரு லென்ஸ், இரண்டு கால்கள்.

"மூணாவது கால் எங்க தம்பி?"

"அது இல்ல மதினி. செஞ்சுக்கலாம்."

மூடிப்போன ஏதோ ஸ்டுடியோவின் தட்டுமுட்டுச் சாமான்களோடு கிடந்ததாம். அந்தக் காலத்தில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு படம் பிடிப்பார்களே, அந்த ஜாதி. பின்பக்கத்தில் பிம்பம் விழுகிற கண்ணாடி இல்லை. பெட்டிக்கும் லென்ஸுக்கும் நடுவே விசிறி மடிப்பாக இருக்க வேண்டிய துருத்தியைக் கரையான் தின்றிருந்தது. ஃபிலிம் வைக்கும் சட்டம் இல்லை. லென்ஸ் மூடியும் இல்லை. அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஊறின அரிசியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கிரைண்டருக்குப் போனாள். அதற்கப்புறம் இரண்டு நாள் சித்தப்பாவுக்குச் சோறு போட்டாளே தவிர, குழம்பு எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

சித்தப்பா மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் மெக்கானிக். எஞ்சின் நின்றுபோனால் உதிரிபாகம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் வரை யாரும் காத்திருக்க முடியாது. கையில் கிடைப்பதை வைத்து ஓட்டியாக வேண்டும். அதனால் இல்லாத சாமான் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்பது அவர் கட்சி. "போன்லயே எடுக்கலாமேடா" என்று அப்பா கேட்டபோது, "போன்ல எடுக்கிறது போட்டோவாண்ணே? நம்ம வீட்டுப் பொண்ணு கல்யாணமாகிப் போறா. செவத்துல மாட்டற மாதிரி ஒண்ணு வேணாமா?" என்றார்.

வீட்டுப் பொண்ணு என்றது அத்தையை. அப்பாவின் தங்கை. பரமக்குடியில் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அடுத்த மாதக் கப்பலில் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. எனக்கு அப்போது ஒன்பது வயது. தலை பின்னிவிடுவது, கணக்கு சொல்லித்தருவது, இடி இடித்தால் கட்டிக்கொள்வது எல்லாம் அத்தைதான். அவள் போகப்போகிறாள். படத்திலாவது அவளைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

வேலை ஆரம்பமானது. ஜன்னல் கண்ணாடித் துண்டொன்றின் மேல் எஞ்சின் வால்வு தேய்க்கும் பசையைத் தடவி, இன்னொரு கண்ணாடியால் நாள் கணக்கில் தேய்த்துப் பனி படிந்த மாதிரி மங்கலாக்கினாள் அத்தை. துருத்திக்கு அப்பாவின் கறுப்புக் குடை பலியானது. வருஷத்தில் எட்டு மாதம் மழை பெய்யும் ஊரில், அப்பா நனைந்துகொண்டே ஆபீசுக்குப் போய்க் குடையை எங்கே மறந்து வைத்தோம் என்று ஒரு வாரம் விசாரித்தார். மடிப்புகளுக்கு உள்ளே விறைப்பாக வைக்க அட்டை வேண்டியிருந்தது. ஊரிலிருந்து வந்து பரணில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை அத்தை பட்டை பட்டையாக வெட்டினாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் முகூர்த்தமும் அந்தக் கேமராவுக்குள் போயிற்று.

ஃபிலிம் சட்டத்தையும் மூன்றாவது காலையும் படாக் மரக்கட்டையில் செதுக்கும்போது சித்தப்பா சுத்தியலால் கட்டைவிரலில் போட்டுக்கொண்டார். அத்தை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுப்பவர் ஒரு வங்காளிக் குடும்பத்துப் பையன். ஹட் பேயிலேயே பிறந்து வளர்ந்தவர், நெட்டையானவர். அவர் விளக்குப் பெட்டியில் விரலின் படத்தை மாட்டிக் காட்டியதும், சித்தப்பா எலும்பைப் பார்க்கவில்லை, ஃபிலிமைப் பார்த்தார்.

"இது கேமராவுல வேலை செய்யுமா?"

"கியூன் நஹி? செய்யும். கம்ப்யூட்டர் மெஷின் வரப்போகுது. தேதி முடிஞ்ச ஃபிலிம் சும்மா கிடக்கு. டாக்டர் சாப் கிட்ட கேட்டுட்டுத் தர்றேன்."

டாக்டர் சரி என்றுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை, அண்ணன் என்பதற்கு வங்காளிகள் சொல்கிறபடி, தாதா என்று கூப்பிட்டோம். அத்தை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். "டீ ஆறுது" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். உதவி செய்கிறவரிடம் இப்படியா என்று எனக்குக் கோபமாக வரும்.

ஃபிலிமை மொத்தமாகக் கொடுத்தால் ஈரத்தில் கெட்டுவிடும் என்று தாதா ஒவ்வொன்றாகக் கறுப்புத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். முதல் படத்தில் ஒன்றுமே விழவில்லை. இரண்டாவதில் குடைத்துணியின் பொட்டு ஓட்டைகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விழுந்திருந்தன. அத்தை அவற்றைத் தைத்தாள். அவள் தைத்து முடித்தால் வேறு இடத்தில் ஒரு ஓட்டை இருப்பதாகத் தாதா கண்டுபிடிப்பார். மறுபடி ஒரு ஃபிலிம், மறுபடி ஒரு டீ. இப்படியே கடைசியில் ஒரே ஒரு ஃபிலிம் மிஞ்சியது. விடிந்தால் கப்பல்.

அன்று மத்தியானம் வாசலில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். படிக்கட்டுப் பக்கம் சித்தப்பா, அடுத்து அப்பா, அம்மா, கடைசியில் தண்ணீர் டிரம் பக்கம் அத்தை. படிக்கட்டுக்கு அப்பால், படத்தில் விழாமல், தாதா ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு வெயிலை எங்கள் முகத்தில் திருப்பினார். கேமராவில் இன்னும் ஒரே ஒரு பாகம்தான் குறைந்தது. லென்ஸைத் திறந்து மூடும் ஷட்டர். அதற்குப் பால்பவுடர் டப்பா மூடி ஒன்று இருந்தது; இதுவரை சித்தப்பாவே அதைத் திறந்து மூடினார், இன்று அவரும் வரிசையில். திறந்து, எட்டு எண்ணி, மூட வேண்டும். அது வரை யாரும் அசையக் கூடாது.

"பாப்பா, மூடி உன் பொறுப்பு" என்றார்.

"அப்ப நான் போட்டோவுல வரமாட்டேனா? தாதா திறக்கட்டும்."

"வேட்டி பிடிக்க உயரமான ஆள் வேணும்டா. வேற யாரு இருக்கா?"

ஆக, அந்தக் கேமராவில் காணாமல் போயிருந்த கடைசிப் பாகத்துக்குப் பதிலாக என்னைப் பொருத்தினார்கள். மூடியைத் திறந்தேன். ஒன்று, இரண்டு. எதிரே அத்தை நின்றாள். அவள் பக்கத்தில் டிரம்முக்கு முன்னால் சரியாக என் அளவுக்கு ஒரு காலி இடம் இருந்தது. அவ்வளவுதான், மூடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். போய் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்து நின்றேன். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. அசையக் கூடாது என்பதால் யாராலும் என்னைத் திட்ட முடியவில்லை. சித்தப்பா மட்டும் உதடு அசையாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, "போடீ, போய் மூடு" என்று எங்கிருந்தோ பேசினார். திரும்ப ஓடி, சேற்றில் கிடந்த மூடியைத் தேடி எடுத்து மூடும்போது எட்டு தாண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரி இருட்டறையில் கழுவின ஃபிலிமைத் தாதா விளக்குப் பெட்டியில் மாட்டினார். நோயாளியின் சொந்தக்காரர்கள் மாதிரி நாங்கள் குடும்பத்தோடு சுற்றி நின்றோம். எல்லோருக்கும் முகம் கறுப்பு, முடி வெள்ளை. டிரம்முக்கு முன்னால் புகை மாதிரி நான் நின்றேன். எனக்குப் பின்னால் இருந்த டிரம் என் வழியாகவே தெரிந்தது. ஆனால் அத்தைக்கு இரண்டு முகம் விழுந்திருந்தது. ஒன்று நேராக. இன்னொன்று பக்கவாட்டில் திரும்பி.

"பாத்தியா, நீ ஓடி வந்ததுல அத்தை திரும்பிட்டா. எல்லாம் போச்சு" என்றார் சித்தப்பா. ஒரு மாத உழைப்பு, பாவம்.

"ஆமா. இவ வந்தா, திரும்பிட்டேன்" என்றாள் அத்தை, தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் அழ ஆரம்பித்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டாக்டரைப் போல ஃபிலிமின் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீ எந்தப் பக்கம் வந்து நின்னே?"

"டிரம் பக்கம்."

"தாதா எங்க நின்னாரு?"

"படிக்கட்டுப் பக்கம்."

அப்பா மறுபடி ஒருமுறை பார்த்தார். தாதா கையிலிருந்த துண்டால் ஏற்கெனவே துடைத்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை என் தோளைப் பிடித்திருந்தாள். "அழாத. நீ ஒண்ணும் கெடுக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா வெளியே போய்விட்டார்.

அந்தப் படத்தை அப்புறம் போர்ட் பிளேரில் பெரிதாகப் போட்டு வாங்கிவந்தார்கள். ஹட் பேயில் அத்தை வீட்டு ஹாலில் இன்றும் மாட்டியிருக்கிறது. அத்தையின் திரும்பிய முகம் டிரம் பக்கம் இல்லை, படிக்கட்டுப் பக்கம் இருக்கிறது. வீட்டில் அத்தனை பேரும் நேராகப் பார்த்தே தீர வேண்டிய அந்த எட்டு எண்ணிக்கையில்தான், யாரும் பார்க்க முடியாது என்ற தைரியத்தில், அவள் தன் இஷ்டத்துக்குப் பார்த்திருக்கிறாள். கேமராவை அவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் எட்டவில்லை. மறுநாள் கப்பல் அப்பாவையும் அத்தையையும் விட்டுவிட்டுப் போனது. கடல் சரியில்லை என்றார் அப்பா. கடல் தட்டுபோல் கிடந்தது. இரண்டு நாளும் அம்மா ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, பெரிய சூரை மீன் ஒன்றை வாங்கித் தூக்கிக்கொண்டு, அப்பா தாதாவின் வீட்டுக்குப் போனார். படம் கெட்டுப்போனதற்கு மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்து நான் வாசலிலேயே காத்திருந்தேன்.

அப்பா வந்து செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இனிமே அவரத் தாதான்னு கூப்பிடக் கூடாது. தெரிஞ்சுதா?"

சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார், எல்லாம் என்னால்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சாயங்காலம் வரை அழுதேன். என்னைச் சமாதானப்படுத்த வந்த அத்தை, பாதியிலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒருவருடைய நட்பையே கெடுத்து வைத்திருக்கிறேன், இவளுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று எனக்கு அவள் மேல் ஆத்திரமாக வந்தது.