மங்களாம்பிகையின் திங்கட்கிழமை மாத்திரை

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மங்களாம்பிகையின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் கணவர் சாரங்கபாணி. அவர் குவைத்தில் இருந்தார், அந்தத் தைரியம். இன்னொருவன் அவருடைய சித்தப்பா மகன் ராஜராஜன். கடைத்தெருவில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தான். டாக்டருக்குப் படிக்கவில்லை. அந்தச் சின்னக் குறையை விட்டுவிட்டால் ஒரு டாக்டரிடம் இருக்கிற எல்லாமே அவனிடம் இருந்தது: சுழல் நாற்காலி, ஸ்டெதஸ்கோப், வந்தவர் வலியைச் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கிடும் பழக்கம்.

கணவர் வெளிநாடு போன பிறகு நிலத்தை அவள்தான் பார்த்தாள். நாற்று பறிப்பது முதல் மடை திருப்புவது வரை காலெல்லாம் சேறு. சேற்றுப்புண் வந்தது. அது போதாதென்று இடுப்பில் படர்தாமரையும் வந்தது. ராஜராஜன் ஒரு மாத்திரையைக் கொடுத்தான்.

"வாரத்துக்கு ஒண்ணு போடுங்க அண்ணி. திங்கக்கிழமைன்னு வெச்சுக்குங்க, மறக்காது."

அரிப்பு அடங்கியது. நிறுத்தினால் திரும்பி வந்தது. போட்டாள், விட்டாள், மறுபடி போட்டாள். சில வருஷங்களில் திங்கட்கிழமை என்பது சிவனுக்கும் அந்த மாத்திரைக்கும் பொதுவான நாளாகிவிட்டது. முட்டி வலிக்கும் அவனே வேறொரு மாத்திரை கொடுத்தான். அதற்குக் கிழமை கிடையாது, வலிக்கிறபோதெல்லாம் போடலாம். வெறும் வயிற்றில் போடக்கூடாது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் வியாபாரத்தை யார் பார்ப்பது?

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராஜராஜன் வந்து பார்த்து, "கேஸ்" என்று தீர்ப்புச் சொன்னான். கேஸுக்கும் ஒரு மாத்திரை. மத்தியானத்துக்குள் வயிறு பலகையாக இறுகிவிட்டது. கூட நட்டுக்கொண்டிருந்த செந்தாமரைதான் கார் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தாள். முட்டி மாத்திரை இரைப்பையில் ஓட்டை போட்டிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்து நரம்பில் ட்யூப் போட்டு, சாப்பாட்டையே அதன் வழியாக ஏற்றினார்கள். ஆன்டிபயாடிக்கும் ஏற்றினார்கள். ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றலாம் என்று பேச்சு எழுந்த நேரத்தில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. ஐ.சி.யூ. டாக்டர் மேகலா ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினாள்.

"ரத்தத்துல ஈஸ்ட் வளருதும்மா."

"ரொட்டிக்குப் போடுவாங்களே, அதுவா?"

"அந்தப் பூஞ்சைக் குடும்பம்தான், ஆனா இது வேற வகை. குடல்லயும் தோல்லயும் சும்மா கெடக்கும். வயித்துல ஓட்டை, கழுத்துல ட்யூப்னு வழி கெடைச்சா உள்ள போயிடும்."

வீடியோ காலில் சாரங்கபாணி பதறினார். "டாக்டர் என்ன சொல்றாங்க?"

"என் ரத்தத்துல ரொட்டி சுடலாமாம். நீங்க அங்க கடையில வாங்காதீங்க."

ஈஸ்டுக்கு வழக்கமான மருந்தை ஏற்றினார்கள். காய்ச்சல் அசையவில்லை. பிறகு வந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மேகலா படுக்கைக்கு அருகில் வந்தாள்.

"இந்த மருந்துக்கு அது கட்டுப்படாதாம். முன்னாடி படர்தாமரை மாதிரி பூஞ்சைக்கு மாத்திரை ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"வாராவாரம் திங்கக்கிழமை."

"யார் எழுதிக் குடுத்தா?"

"எழுதியெல்லாம் குடுக்கலீங்க. கையால எடுத்துக் குடுத்தாங்க."

மேகலா பெருமூச்சு விட்டாள். "அடிக்கடி போட்டா, மருந்துக்குச் சாகறது செத்துடும். சாகாதது தங்கிப் பெருகும். இப்ப ஏத்தினதும் அதே மருந்துதான்."

"அப்ப நானேதான் வளர்த்தேனா?"

"அப்படியும் இருக்கலாம்." டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "இங்கயே இன்னொருத்தருக்கும் இதே மாதிரி வந்திருக்கு. இங்கேருந்து ஒட்டியிருக்கவும் வாய்ப்பிருக்கு. உறுதியா சொல்ல முடியல."

அடுத்த நாளே நிர்வாகத்திலிருந்து ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து, மருத்துவமனை எவ்வளவு சுத்தமானது என்று விளக்கினார். ராஜராஜனோ, எல்லாம் மருத்துவமனைக் கோளாறு என்று ஊரெங்கும் சொன்னான். ஈஸ்ட் யாருடையது என்பதில்தான் தகராறு. ரத்தம் மங்களாம்பிகையுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

கழுத்து ட்யூபை எடுத்துவிட்டு, கை நரம்பில் வேறு வகை மருந்தை ஆரம்பித்தார்கள். முதல் சில நாட்கள் மோசமாகவே போயின. ராஜராஜன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "இங்க குடுக்குற மருந்துல பவரே இல்ல அண்ணி" என்றான். மங்களாம்பிகை கண்ணை மூடியபடி கிடந்தாள், பதில் சொல்லவில்லை. செந்தாமரைக்கு அப்போதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது. வராந்தாவுக்குப் போய் அழுதாள். பிழைக்காமல் போய்விடுவோமோ என்று மங்களாம்பிகையும் நினைத்தாள். வாயைத் திறந்தால் அது வெளியே வந்துவிடும் என்றுதான் பேசாமல் இருந்தாள்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. ராஜராஜன் மறுபடி வந்தான். இந்தத் தடவை சட்டைப்பையில் சத்து மாத்திரை.

"இத ரெண்டு வேளை போடுங்க அண்ணி."

அவள் தலையைத் திருப்பி அவனை நன்றாகப் பார்த்தாள். "கொல்றதுக்கே ஒரு படிப்பு வேணும் தம்பி. நீங்க படிக்காமலே இவ்வளவு கிட்ட வந்துட்டீங்களே."

செந்தாமரை உடனே சாரங்கபாணியைப் போனில் கூப்பிட்டாள். "அக்கா பொழச்சிட்டாங்கண்ணே."

ரத்தம் சுத்தமாகிவிட்டதை மறுபடி மறுபடி சோதித்து, ரத்தத்திலிருந்து ஈஸ்ட் கண்ணுக்கும் பரவவில்லை என்று பார்த்த பிறகே வீட்டுக்கு விட்டார்கள். அரிப்புக்கு அரசு மருத்துவமனைத் தோல் டாக்டரிடம் போனாள். அவர் முதலில் திட்டினார், பிறகு களிம்பு எழுதினார். காலைத் துடைத்து ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். அக்டோபரில் காவிரிப் பாசனத்தில் நெல் வைத்திருக்கிறவளிடம் சொல்கிற யோசனை! ஆனாலும் முடிந்தவரை துடைத்தாள். புண் மெதுவாக ஆறியது.

ராஜராஜன் கடையை மூடவில்லை. யாரும் மூடச் சொல்லவும் இல்லை. மங்களாம்பிகை கடைத்தெருவில் தென்படுகிற நாட்களில் மட்டும், டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரை கிடையாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்கிறான்.

அதனால் அவள் அடிக்கடி வருகிறாள்.