முகாமில் நான் சொன்ன 'ஆமாங்க'

ஆசிரியை திட்டுகிறார் என்று மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, ஒரு வருடமாக நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். எங்களைப் போன்ற குடும்பங்கள் வால்பாறையில் கூடாரம் போட்டுக் கூடிய முகாமுக்குப் போயிருந்தோம்.

அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடினார்கள். என் மகள்தான் டீச்சர். "எத்தன தடவ சொல்றது? மண்டைல இருக்கறது களிமண்ணா?" என்று கத்தினாள்.

முந்தின நாள் பின்னக் கணக்குக்காக நான் கத்திய அதே வார்த்தைகள், அதே குரல்.

பக்கத்தில் இருந்த ஓர் அம்மா மெல்லக் கேட்டார்: "ஏனுங்க, பழைய டீச்சர் இப்படித்தான் திட்டுவாங்களா? பாவமுங்க கொழந்த."

"ஆமாங்க" என்றேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். விளையாட்டை விட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட்டாள்.

அந்த டீச்சரிடமிருந்து அவளை நான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என்னிடமிருந்து யார் கூட்டிக்கொண்டு போவார்கள்?