நார்மல் ரத்தம் கொடுத்த நாள்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு மருத்துவமனை லேப்பில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் ஒரு வழக்கம். ரத்தத்தோடு கலக்கும் ரசாயனமான ரியேஜன்ட் புதிதாகத் திறந்தால், விடை முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரிகளை ஓட்டியபின் எங்களில் ஒருவரின் ரத்தத்தையும் ‘நார்மல்’ என்று ஓட்டிப் பார்ப்போம்.

அன்று சிஆர்பி டெஸ்டுக்குப் புது ரியேஜன்ட். உடம்பில் எங்காவது வீக்கமோ தொற்றோ இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம் அது. காலையிலிருந்து வயிறு வலித்தும் கையை நீட்டினேன். முந்தின நாள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. குற்றவாளி நண்டுக் குழம்பு என்று நானே தீர்ப்பு எழுதியிருந்தேன்.

சிஆர்பி ஐந்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு நூற்றுக்கு மேல்.

“ரியேஜன்ட் கெட்டுப்போச்சி,” என்றேன்.

உடன் வேலை செய்யும் சாந்தி திரையைப் பார்த்தாள். “கன்ட்ரோல் ரெண்டும் சரியாத்தான் இருக்கு, அண்ணே.”

“அப்ப மெஷின்லா.”

மெஷினின் அளவைச் சரிசெய்யும் கலிப்ரேஷனை மறுபடி செய்தேன். அதே எண். சாந்தியின் ரத்தத்தை ஓட்டினேன். அவள் நார்மல். அதற்குள் புத்தகத்தில் படித்த நோயெல்லாம் எனக்கு வந்துவிட்டது. எந்தப் படத்துக்கு மாலை போடுவார்கள் என்றுகூட யோசித்தேன். பாஸ்போர்ட் படத்தில் திருடன் மாதிரி இருப்பேன். இத்தனைக்கும் என் ஒரு கை வலது அடிவயிற்றைப் பிடித்தபடியே இருந்தது.

“மெஷினுக்கு வைத்தியம் பார்த்தது போதும். எமர்ஜென்சிக்குப் போங்க,” என்றாள் சாந்தி.

“நண்டுலா.”

“நடந்து போறீங்களா, வீல்சேர் எடுத்துட்டு வரவா?”

எமர்ஜென்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வீங்கியிருந்தது. “இன்னும் லேட் பண்ணியிருந்தா வெடிச்சிருக்கும், அங்கிள்,” என்றார் டாக்டர். வெடிப்பதைவிட அந்த அங்கிள்தான் அதிகம் வலித்தது. அன்றே ஆபரேஷன்.

வார்டில் படுத்திருந்தபோதுதான், இத்தனை வருடம் வெறும் எண்ணாகப் பார்த்த அந்தப் புரதத்தை நினைத்து வியந்தேன். நான் நண்டைத் திட்டிக்கொண்டிருக்கையில், வீங்கிய இடத்திலிருந்து ரத்தம் வழியே செய்தி போய், கல்லீரல் வேலையையே மாற்றிவிட்டது. வழக்கமாகச் செய்யும் ஆல்புமின் என்ற புரதத்தைக் குறைத்துக்கொண்டு, சிஆர்பியை ஓவர்டைம் போட்டுத் தயாரித்தது. சிஆர்பி போய்க் கிருமிமீதும் செத்த செல்மீதும் ஒட்டிக்கொள்ளும். அந்த அடையாளத்தைப் பிடித்து வெள்ளை அணுக்கள் வந்து விழுங்கும். முதலாளி மெஷினோடு சண்டை போட்டாலும் ஆலை நிற்கவில்லை.

ஆபரேஷன் காயத்துக்காக இன்னும் கொஞ்சம் ஏறிய சிஆர்பி, பிறகு சரசரவென்று இறங்கியது. ஆபத்து போனதும் உற்பத்தியை நிறுத்தவும் கல்லீரலுக்குத் தெரிந்திருக்கிறது. பதறினால் நிறுத்தத் தெரியாதவன் நான்தான்.

லேப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: கன்ட்ரோல் சரியாக இருந்தால் எண்ணை நம்புங்கள், ரத்தம் உங்களுடையதாக இருந்தாலும்.

இப்போதும் புது ரியேஜன்ட் வந்தால் கையை நீட்டுகிறேன். ஊசியை எடுக்குமுன் சாந்தி கேட்பாள்: “நேத்து என்னா சாப்பிட்டீங்க, அண்ணே?”