குடியை விட்ட உபதேசியாரின் புதன்கிழமைகள்

உபதேசியார் வேலை என்பது, சாமியார் ஊரில் இல்லாதபோது பாதிச் சாமியாராகவும், அவர் வந்துவிட்டால் மணி அடிக்கிறவனாகவும் இருக்கிற வேலை. கொல்லிமலையில் எங்கள் பங்குக் கோயிலில் இதைப் பதினாறு வருடம் பார்த்தேன்; அதில் முதல் ஒன்பது வருடம் குடித்துக்கொண்டே பார்த்தேன். 1997-ல் எங்கள் ஃபாதர் என்னைப் பஸ்ஸில் ஏற்றி, கீழே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய் விட்டார். நாற்பது நாள் கழித்து, குடியை விடுவதற்கான பன்னிரண்டு படிகளையும் எழுதிய ஒரு நோட்டோடு திரும்பி வந்தேன். நாமும் இங்கே ஒரு கூட்டம் நடத்தலாம் என்று ஃபாதரிடம் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடக்கும் பின்னறையைப் புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். குடித்தவர்களும், குடிக்கிறவரோடு ஒரே கூரைக்கடியில் இருக்கிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆள் வராத கூட்டம்

முதல் நான்கு வாரம் ஒருவரும் வரவில்லை. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கூட்டம் நடக்க வேண்டும் என்று இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளைப் பார்த்து, "என் பேரு இக்னாசி, நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்வேன். பதிலுக்கு நானே "வணக்கம் இக்னாசி" என்றும் சொல்லிக்கொள்வேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, விளக்கை அணைத்துப் பூட்டிக்கொண்டு வருவேன்.

உள்ளே பேசுவது வெளியே போகக் கூடாது என்பது விதி. கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினேன். நான்காவது புதன்கிழமை என் மனைவி ரெஜினா கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்ததும் துடைப்பத்தைத் தட்டியபடி சொன்னாள்: "ஏனுங்க, மலைக்கே தெரிஞ்ச சங்கதிய எதுக்குங்க கதவச் சாத்திட்டு ரகசியமாச் சொல்றீங்க?"

முதல் ஆள்

ஐந்தாவது வாரம் பெரியண்ணன் வந்தார். எங்கள் மலையிலேயே வளப்பூர் நாடு என்கிற பகுதியில் மிளகும் குச்சிக்கிழங்கும் போடுகிறவர். போதையில் பலாமரத்திலிருந்து விழுந்து விலா ஒடிந்து, ஒடிந்த விலாவோடு மறுநாளும் அதே போதையில் அதே மரத்தில் ஏறியவர். உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிறிஸ்தவ வேதத்தில் சேரச் சொல்வோமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

அதெல்லாம் இல்லை என்று நோட்டைப் பிரித்துக் காட்டினேன். நம்மைவிடப் பெரிய சக்தி ஒன்றிடம் நம்மை ஒப்படைக்க வேண்டும். அது யார் என்பது அவரவர் பாடு. உங்கள் குலசாமியையே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெரியண்ணன் சுவரில் இருந்த சிலுவையை ஒருமுறை பார்த்தார். பிறகு தயங்கிச் சொன்னார்: "எங்க கருப்பனாருக்குப் படைக்கறதே சாராயமுங்க. அவருகிட்டப் போயி இதக் கேட்டா நல்லாருக்காது. உங்க சாமிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லி வெச்சீங்கன்னா, நான் வாரேனுங்க."

ஐந்தாம் படி

செய்த தப்பையெல்லாம் ஆண்டவரிடமும், தன்னிடமும், இன்னொரு மனுஷனிடமும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது ஐந்தாம் படி. நமக்குத்தான் பாவசங்கீர்த்தனம் இருக்கிறதே, ஒரே வேலையாக முடித்துவிடலாம் என்று நோட்டோடு போய் முழங்காலிட்டேன். ஃபாதர் தட்டிக்குப் பின்னால் இருந்து, "அஞ்சாம் படியா? இங்க வேணாம். இங்க கேட்டத நான் வெளிய எடுக்கக் கூடாது, அத வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. வெளிய வா" என்றார். வெளியே மரத்தடியில் இருந்த கல்லில் உட்கார்ந்தோம். சொன்னேன். 1996-ல் ஏழு மாதம், பூசைக்கு வைத்திருந்த திராட்சை இரசத்தை நான் குடித்துவிட்டு, அந்தப் புட்டியில் நன்னாரி சர்பத்தைத் தண்ணீர் விட்டுக் கலந்து ஊற்றி வைத்தேன். அவர் அதை வைத்துத்தான் பூசை செய்தார்.

திராட்சை இரசம் இல்லாத பூசை பூசையே ஆகாது. ஃபாதர் எத்தனை மாதம் என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். ஆயருக்குக் கடிதம் எழுதினார். செத்தவர்களுக்காக அந்த ஏழு மாதத்தில் ஒப்புக்கொடுத்த பூசையையெல்லாம் விடியற்காலையில் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார். ஒரு நாள் விடாமல் நான்தான் பக்கத்தில் நின்று மணி அடித்தேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும், திட்டவில்லை. கடைசி நாள், பூசை உடுப்பைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த வருஷம் எனக்கு நாக்குல ருசி போச்சுன்னு நாமக்கல்ல டாக்டர்கிட்டக் காட்டி, மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டேன், இக்னாசி."

பட்டியல்

எட்டாம் படியில், நம்மால் புண்பட்டவர்களின் பட்டியல் எழுத வேண்டும். ஒன்பதில் அவர்களிடம் போய் நேர்செய்ய வேண்டும். ரெஜினாவுக்கு மட்டும் தனித்தாள் தேவைப்பட்டது. இருபத்துமூன்று தப்பு எழுதியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது எதிரில் நின்றுகொண்டு வாசித்தேன். அவள் நிமிரவே இல்லை. வாசித்து முடித்ததும், "புதுநன்மை வரலீங்களே" என்றாள்.

எங்கள் மகளின் புதுநன்மை, அதாவது பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். அந்த வகுப்புக்கே பாடம் நடத்தியவன் நான். பதினொரு பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றபோது, நான் சோளக்காட்டுச் சந்தையில் ஒரு லாரிக்குக் கீழே கிடந்தேன். பிள்ளைகளுக்கு எப்போது முழங்காலிடுவது என்று சொல்ல ஆளில்லாமல், ரெஜினாதான் முன்னால் போய் நின்றிருக்கிறாள். அது என் ஞாபகத்திலேயே இல்லை. அதனால்தான் பட்டியலிலும் இல்லை. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மணையை என் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க. பேனாவ எடுத்துக்கங்க. மீதிய நான் சொல்றேன்."

மிளகு பாய்

2001-ல் நாங்கள் ஆறு பேர் ஆகியிருந்தோம். அப்போது ஏழாவதாக ஒருவர் வந்தார். பெரியண்ணனிடம் மிளகு வாங்குகிற வியாபாரி. புளியஞ்சோலையைத் தாண்டி, அடிவாரத்து ஊர் ஒன்றில் கடை வைத்திருப்பவர். தொழுகை தவறாதவர், ஊரில் நல்ல பேர். வந்த முதல் நாள் கூட்டம் முடிந்ததும், இவ்வளவு தூரம் மலையேறி வர வேண்டுமா, கீழேயே இப்படிக் கூட்டங்கள் இருக்கின்றனவே என்று நான்தான் மெதுவாகக் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கீழ எங்க ஊர்ல நான் குடிக்கறதே இல்லீங்க. குடிக்காதவன் எப்படீங்க குடிய விடறது?"

பேளுக்குறிச்சி

அடுத்த வருடம் பெரியண்ணன் வழுக்கினார். அதற்கு முன்னும் விழுந்து எழுந்து, கடைசியாகப் பதினாலு மாதம் தொடாமல் இருந்தவர், மூன்று புதன்கிழமை வரவில்லை. பேளுக்குறிச்சிச் சந்தையில் பார்த்ததாகச் சொன்னார்கள். பஸ் பிடித்து இறங்கினேன். பிராந்திக்கடைக்குள் மூலையில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் வரவில்லை, உள்ளே போனேன். கடைக்காரருக்கு என்னைப் பழைய காலத்திலிருந்தே தெரியும். கேட்காமலேயே ஒரு கிளாஸை ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்த வாசனை அவ்வளவு பக்கத்தில் வந்தது. என் கை மேஜைமேல் இருந்தது. கிளாஸும் மேஜைமேல் இருந்தது. ஊருக்கெல்லாம் செபம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அருள் நிறைந்த மரியே மந்திரம் இரண்டாவது வரிக்கு மேல் வரவில்லை. முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு பெரியண்ணனின் கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஆளைக் காப்பாற்றினேனா, அந்தச் சாக்கில் நான் தப்பித்தேனா என்று இன்றுவரை தெரியாது. வாசலில் மளிகைப் பையோடு எங்கள் மாதா சபைத் தலைவி அம்மா நின்றிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் பஸ் ஏறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நடந்ததை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க குடிக்கலீங்களா? உங்களுக்காகச் செபமாலை அம்பத்திமூணு மணியும் சொல்லி முடிச்சுட்டேனுங்க. அத வேற யாருக்காச்சும் மாத்தி உட்டுருங்க" என்றார்.

ஒண்ணாம் நாள்

அந்தப் புதன்கிழமை பெரியண்ணன் வந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எழுந்து நின்று பெயரைச் சொல்லி, "இன்னிக்கு எனக்கு மூணாம் நாளுங்க" என்றார். மிளகு பாய் முதல் ஆளாக வணக்கம் சொன்னார். பாவசங்கீர்த்தனம் மாதிரிதான் இதுவும், பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றிலிருந்து எண்ண வேண்டும், அந்தப் பதினாலு மாதம் போனது போனதுதான் என்று நான் கொஞ்சம் பிரசங்கம் செய்தேன். உபதேசியார் வேலையில் இது ஒரு வியாதி. பெரியண்ணன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "பதினாலு மாசம் போயிருச்சுன்னு நீங்க சொல்றீங்க. பதினாலு மாசம் இருந்துச்சேன்னு என்ற ஊட்டுக்காரி சொல்றாளுங்க."

அந்தப் பின்னறையில் இதுவரை யாரும் ஞானஸ்நானம் வாங்கவில்லை, யாரும் புனிதராகவும் இல்லை, வாராவாரம் சிலபேர் குடிக்காமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள் என்பதைப் பங்கின் ஆண்டறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மூன்று சாமியார்கள் மாறியும் முடிவாகவில்லை.