மதிலுக்கு இந்தப் பக்கம் கோரை, அந்தப் பக்கம் மா

தோட்டத்தில் பழமரம் வைப்பது நல்லதா, அழகுக்கு ஒரு கோரை வைப்பது நல்லதா என்று முன்பு யாராவது கேட்டிருந்தால், கரும்பலகையில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிக் காட்டியிருப்பேன். கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். இப்போது கேட்டால் வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போவேன். ஆனால் அங்கே நிற்பதைக் காட்டினால் நான் செய்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஓய்வு பெற்றதும் நத்தம் சாலையில் வீடு கட்டினோம். தெருவுக்குச் சாக்கடை வரவில்லை. குழாய்த் தண்ணீர் நினைத்தபோது வரும்; ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ உப்பு, வாளியில் வெள்ளையாகப் படியும். சமையலறையிலும் குளியலறையிலும் கழித்த தண்ணீர் பின்புற மதிலை ஒட்டி ஒரு கட்டில் அளவு மண்ணில் போய்த் தேங்கும். எங்கள் மனையில் எப்போதும் ஈரமாக இருக்கும் இடம் அது ஒன்றுதான். எதை வைத்தாலும் அங்கேதான் வைக்க வேண்டும், ஒன்றைத்தான் வைக்க முடியும்.

நத்தத்துப் பக்கம் சாலையோரத்தில் வாங்கித் தின்ற ஒரு மாம்பழத்தின் கொட்டையை என் மனைவி அங்கே புதைத்தாள். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு முளை வந்தது. செம்பு நிறத் தளிர்கள். இரண்டையும் ஒன்றோடொன்று மெல்லச் சுற்றிவிட்டு, பழைய சேலைக் கிழிசலால் தளர்வாகக் கட்டினாள்.

"ரெட்டப் புள்ள மாதிரி இருக்குல்ல?" என்றாள்.

எனக்கோ குடைக்கோரை மேல் ஆசை. ஒரு நண்பர் வீட்டுத் தொட்டியருகே பார்த்திருந்தேன். நர்சரிக்காரர் அதை 'அம்ப்ரெல்லா பாம்' என்று விற்றார். பனைக்கும் அதற்கும் உறவில்லை. நெடிய பச்சைத் தண்டு, உச்சியில் குடைக்கம்பிகள் போல விரிந்த இலைகள். தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டும்.

"கொட்ட போட்ட மா தாய்ப்பழம் மாதிரி காய்க்காது," என்றேன். "காய்க்கவே ஏழெட்டு வருசம் ஆகும். வேரு மதில ஒடைக்கும்."

"ஒங்க புல்லு என்ன காய்க்கும்?"

"அது புல்லு இல்ல, கோரை."

"சரிங்க. ஒங்க கோர என்ன காய்க்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒரு மாங்கொட்டையில் இரண்டு முளை வந்தால், அதில் ஒன்றாவது தாய்மரத்தின் திசுவிலிருந்தே வந்திருக்கும். அது தாயைப் போலவே காய்க்கும். ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு இதை நடத்தியவன் நான். வாதத்தில் ஜெயிப்பதற்காக அவளிடம் மறைத்தேன்.

அவள் மதுரைக்குத் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது கன்றைப் பிடுங்கினேன். வேரோடு மண்ணும் வந்தது. கையில் வைத்துப் பார்க்கப் பிடிக்காமல் மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினேன். அது அடுத்த வீட்டுக் குப்பைமேட்டில் விழுந்தது. குழியில் கோரையை நட்டேன். திரும்பி வந்தவளிடம், "ஆடு மேஞ்சிருச்சு" என்றேன்.

எந்த ஆடு என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண் பக்ரீத்துக்காக அய்யலூர்ச் சந்தையில் குட்டியாக வாங்கி வளர்த்துவந்த ஆடு. அவள் கணவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. என் மனைவியை அக்கா என்பாள், என்னை அண்ணே என்பாள். நோன்பு மாதத்தில் கஞ்சித் தூக்குவாளி மதில்மேல் வந்து உட்கார்ந்திருக்கும். பொங்கலன்று எங்கள் பாத்திரம் அதே இடத்தில் உட்காரும்.

மனைவி மதிலருகே போய்க் கத்தினாள். "ஏத்தா, ஆட்டக் கட்டிப் போட்டு வளக்க மாட்டியா?"

"அக்கா, காலையிலருந்து அது கட்டித்தான் கெடக்கு. சத்தியமா."

"அப்ப எம் மாங்கன்ன நானா தின்னேன்?"

நான் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மறுவாரம் அந்த ஆடு மொபெட்டில் அய்யலூருக்கே திரும்பிப் போனது. தூக்குவாளி அதன்பின் வரவில்லை.

கோரை வளர்ந்தது. அதை நட்ட விதத்துக்கு அது பட்டுப்போயிருக்க வேண்டும் என்றுகூட நினைத்ததுண்டு. ஆனால் செடி யார் நட்டார்கள் என்று பார்ப்பதில்லை. சோப்பு நுரையோடு சாம்பல் நிறமாகப் போகும் தண்ணீர், அதன் அடியைக் கடந்ததும் தெளிந்து நின்றது. நாற்றம் போனது. தண்டுக்குள் இருக்கும் பஞ்சு போன்ற திசு, மேலேயிருந்து காற்றைச் சேற்றுக்குள் இருக்கும் வேருக்குக் கொண்டுபோகும். பாடமாக நடத்தியபோது இது எனக்குத் தகவல். விடியற்காலையில் அந்தத் தெளிந்த தண்ணீருக்கு முன்னால் குந்தி அதில் விரலை விட்டுப் பார்த்தேன். சில்லைக்குருவிகள் கூட்டுக்காக இலையை நார்நாராகக் கிழிக்கும். குருவி உட்கார்ந்ததும் தண்டு தரைவரை வளைந்து, பறந்ததும் நிமிரும்.

பிறகு ஒரு வைகாசியில் மதிலுக்கு மேல் செம்பு நிறத்தில் ஒரு தளிர்க்கொத்து தெரிந்தது. மொட்டைமாடிக்கு ஏறிப்போய் எட்டிப் பார்த்தேன். குப்பைமேடு இருந்த இடத்தில் ஒரு மாமரம். அடியில் இரண்டு தண்டுகள், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு.

நான் பிடுங்கி எறிந்தது, விழுந்த இடத்திலேயே வேர் பிடித்து நின்றிருக்கிறது. மனைவிக்கு முழங்கால் வலி, மாடிக்கு வரமாட்டாள். மதில் அடிமரத்தை மறைத்தது. அவளுக்குத் தெரியப்போவதில்லை என்று நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

மரம் காய்த்தது. கிளை எங்கள் பக்கம் இறங்கி, பழங்கள் கோரைக்குள் விழுந்தன. மனைவி தொடமாட்டாள். "அவ வீட்டுக் காயி நமக்கு எதுக்கு? மதில்மேல வச்சிருங்க" என்பாள். வைப்பேன். அந்தப் பக்கமிருந்து ஒரு கை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கோடையும் இப்படியே போனது. அவளுடைய மரத்தின் பழத்தை அவள் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்தது நான்.

இந்தச் சித்திரையில் ஒரு பழம் விழுந்து வெடித்தது. அவளே குனிந்து எடுத்தாள். செத்த நேரம் முகர்ந்துகொண்டே நின்றாள்.

"அந்த நத்தத்துப் பழ வாசன மாதிரியே இருக்குங்க," என்று சொல்லிவிட்டு மதில்மேல் வைக்கப் போனாள்.

"வைக்காத. அது ஒன் மரந்தான்," என்றேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு முளையின் கணக்கையும் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"ஆடு?"

"ஆடு ஒண்ணும் செய்யல."

பழத்தை என் கையில் கொடுத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வழியாகத் தெருவைச் சுற்றிப் போனாள். ஆட்டுச் சண்டைக்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவள் போவது அன்றுதான் முதல்முறை. நான் மதிலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகைச் சத்தம் வந்தது. யாருடையது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டுப் பெண்ணின் குரல் உரக்க வந்தது.

"அண்ணே! ஆடு மேஞ்ச மரம் இம்புட்டு ஒசரம் நிக்கிது. வந்து பாத்துட்டுப் போங்க!"

போனேன். மனைவி மரத்தடியில் நின்றாள், உள்ளங்கை பட்டைமேல் இருந்தது. இரண்டு தண்டும் ஒன்றாகிவிட்ட இடத்தில், சேலைக் கிழிசல் கட்டியிருந்த தடம் பள்ளமாக ஓடியது. மன்னிக்கும்படி அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன்.

"எங்கிட்ட எதுக்கு? ஆட்டுக்கிட்டப் போயிக் கேளுங்க," என்றாள். சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. "எங் கையால குட்டியிலருந்து வளத்தது. அத வித்துட்டு அப்புறம் நான் ஆடே வளக்கல." மரத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "இதுக்கு நான் ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனதில்லண்ணே. தானா மொளச்சுச்சு, தானா வளந்துச்சு. எப்பிடித்தான் இந்த வெயிலுக் காய்ச்சல்ல நிக்கிதோ." கிளம்பும்போது கூப்பிட்டாள். "எங்க வாசப் பக்கம் தண்ணி தேங்கி நாறுது. அந்தக் கோரயில வேரோட ஒரு குத்து தாங்க."

மறுநாள் காலை கடப்பாரையோடு கோரையின் அடியைத் தோண்டினேன். மனைவி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோரையின் வேர்த்தொகுதிக்குக் கீழே கடப்பாரை எதிலோ மோதியது. மண்ணை விலக்கினால், கை பருமனுக்கு ஒரு பழுப்பு வேர். மதிலின் அடியிலிருந்து வந்தது. மதிலில் அந்த இடத்தில் இருந்த விரிசலுக்குக் கொத்தனாரையும் சிமெண்டையும் திட்டிக்கொண்டிருந்தவன் நான். வேர் உள்ளே வந்ததும் நூறு கிளையாகப் பிரிந்து, கோரையின் மெல்லிய வேர்களுக்குள் நுழைந்து பின்னிக் கிடந்தது. யாரும் தண்ணீர் ஊற்றாத மரம், மழை பொய்த்த கோடைகளிலெல்லாம் முதலில் நின்ற மண்ணுக்கே திரும்பி வந்து, கோரை தெளியவைத்த தண்ணீரைக் குடித்திருக்கிறது.

"கையால தோண்டுங்க. வேருல பட்டுறப் போகுது," என்றாள் மனைவி.

பழத்தை என் கையில் கொடுத்த பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. கடப்பாரையை வைத்துவிட்டு மண்டியிட்டேன். எது கோரை, எது மா என்று விரல்களுக்குப் பிரித்தறிய முடியவில்லை. மெதுவாக, ஒவ்வொன்றாக விடுவித்து ஒரு குத்தை எடுக்க வெயில் ஏறிவிட்டது. அவள் அதை ஈரச் சாக்கில் சுற்றி, மதில்மேல் பழைய இடத்தில் வைத்துக் கூப்பிட்டாள்.

"ஏத்தா, வாங்கிக்க."