பிடி இல்லாத குடைகள்

படம் கழுவுகிற ஹைப்போவின் வாடை. புளித்த காடியில் தீக்குச்சியை அணைத்தது போல் ஒரு காரம். சென்னையில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பின்கட்டில் யாரோ பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள், கதவிடுக்கு வழியே வந்தது. சுவரில் முகமில்லாத மனிதர்கள் வரிசையாகத் தொங்கினார்கள். எடுத்த இளைஞர் பக்கத்தில் நின்று, "முகம் தேவையில்லை சார், உருவம் போதும்" என்றார். தலையாட்டினேன். நல்ல படங்கள்தான். ஆனால் என் மூக்கு அதற்குள் எங்கள் ஊர் பாறசாலைக்குப் போய்விட்டது.

எல்லைப் போராட்டக் காலம். தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர் என்று ஒரு ஊர்வலம், சேர்க்காதே என்று ஒரு ஊர்வலம், இரண்டுக்கும் நடுவில் போலீஸ் வண்டி. வீட்டில் இரண்டு மொழியும் கலந்து பேசிய நாங்கள் வாய் திறக்குமுன் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தோம். நான் திருவனந்தபுரத்தில் ஓவியம் படித்தேன். சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்கு வருவேன். வகுப்பில் எல்லாருக்கும் புதிய ஓவியக் காய்ச்சல். மூக்கு ஒரு பக்கம், கண் மறுபக்கம், கை எங்கோ. 'எதை விடலாமோ அதை விட்டுவிடு' என்று ஒரு ஆசிரியர் சொன்ன வாக்கியத்தைச் செபம் போல் உருட்டிக்கொண்டிருந்தோம். விட விட ஓவியம் பெரிதாகும் என்று நம்பினேன். இன்றும் பாதி நம்புகிறேன். மற்றப் பாதி என்ன ஆயிற்று என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா இல்லாத வீடு. அக்கா குன்னத்துகால் பக்கம் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அம்மாவின் கஞ்சியும் என் சாயப்பெட்டியும் அவள் சம்பளம். ஊர்வலத்தில் நடக்கிற அரசாங்க ஊழியருக்கு வேலை இருக்காது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை 'சேர்' என்ற ஊர்வலத்தில் அவள் நடந்தாள், அதுவும் முன்வரிசையில். நல்ல வெயில் என்று குடையும் பிடித்துக்கொண்டு.

மறுநாள் ஞாயிறு. அக்கா கால் கொப்புளத்தோடு வீட்டில் கிடக்க, நானும் அம்மாவும் ஆராதனை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தோம். ஜங்ஷனில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் சைக்கிளை நிறுத்தி, ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு கத்தினார்:

"அம்மச்சீ, டீச்சரைப் பிடிச்சாச்சு! ஒண்ணாந்தரமா கிட்டியிருக்கு ஆக்கும்!"

அம்மா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கர்த்தாவே, எந்த ஸ்டேஷன்லே வச்சிருக்கு?"

"ஸ்டேஷனா? என் ஸ்டூடியோவிலே, அம்மச்சி. போட்டோவிலே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா எழுந்து சேலையைத் தட்டினாள். "எலே பாவி, படம் பிடிச்சேன்னு சொல்லப்பிடாதா? என் உயிரையில்லா பிடிச்சுட்டே!"

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இரண்டும் ஒரே சொல்தானே என்று நின்றேன். சைக்கிளை நிழலுக்குத் தள்ளிப் போய்க் கேட்டேன், அந்தப் படத்தை யார் யார் கேட்டார்கள் என்று. அவர் குரல் தணிந்தது.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருது மோனே. ஒரு பிரிண்ட் வேணுமாம்."

"படமே எடுக்கலேன்னு சொல்லிருங்க."

"மாடி ஜன்னல்ல நின்னு பிடிச்சேன். ஜங்ஷன் முழுசும் கண்டதாக்கும்."

"பிளேட்டு உடைஞ்சு போச்சுன்னு..."

"நெய்யாற்றின்கரையில ஒருத்தன் அப்படித்தான் சொன்னான். இப்போ அவனுக்குக் கடையும் இல்ல, கேமராவும் இல்ல."

அன்று மத்தியானமே அக்காவைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோ மாடிக்குப் போனேன். கீழே ஜவுளிக்கடை, பாலராமபுரத்து வேட்டியின் கஞ்சி வாசம் படியில் பாதி வரைதான் வரும், அதற்கு மேல் ஹைப்போ. ஸ்டூடியோக்காரர் கண்ணாடி நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வேட்டிகள் கறுத்திருந்தன. தலைகள் நரைத்திருந்தன. முகங்கள் கரி. நடுவில் அக்காவின் கறுப்புக் குடை மட்டும் வெள்ளைப் பிறைபோல் மிதந்தது.

"நெகட்டிவ்ல தமிழனும் இல்ல, மலையாளியும் இல்ல பாருங்க டீச்சரே. எல்லாம் ஒரே கரி" என்றார் அவர்.

"இப்படியே குடுத்துருங்களேன் இன்ஸ்பெக்டருக்கு" என்றாள் அக்கா.

சிரித்தோம். மூன்று பேரின் சிரிப்பும் சட்டென்று நின்றது. பிரிண்டில் அவள் முகம் துலக்கமாக வரும். நெற்றித் தழும்பு உட்பட.

எனக்கு அப்போதுதான் பட்டது. நெகட்டிவில் கத்தியால் சுரண்டிய இடம் பிரிண்டில் கறுப்பாக விழும். குடையும் கறுப்பு. குடையின் விளிம்பைக் கொஞ்சம் கீழே இறக்கிச் சுரண்டினால் முகம் குடைக்குள் போய்விடும். சொன்னதும் ஸ்டூடியோக்காரர் படம் திருத்துகிற டச்சிங் கத்தியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

அக்கா குறுக்கே கை நீட்டினாள். "நில்லுலே. எனக்கு மட்டும் குடை பிடிச்சா? பக்கத்துல மரச்சீனிக் கிழங்கு விக்கிய சின்னம்மை உண்டு, தறிக்கார மாமன் உண்டு. அவியள்லாம் நனையணுமாக்கும்?"

"அவங்களுக்கு அரசாங்க வேலை இல்லியே அக்கா."

"முதுகு உண்டுல்லா?"

போன வாரத் தடியடி எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. கத்தியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முன்வரிசை முழுவதற்கும் குடை வரைந்தேன். மூச்சு விட்டால் கத்தி பிசகும். பிசகினால் கண்ணாடியில் கீறல். ஸ்டூடியோக்காரர் படிக்கட்டையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு களிப்பு இருந்தது. முகங்கள் ஒவ்வொன்றாக மறைய, ஊர்வலம் ஒரு கறுத்த அலையாகிக்கொண்டு வந்தது. வகுப்பில் அதுவரை நான் வரைந்த எதுவும் அவ்வளவு புதிதாக இருந்ததில்லை. வெயிலில் குடைகள் மட்டும் நடந்து போகின்றன! விடலாம் என்று தோன்றிய எல்லாவற்றையும் விட்டேன்.

முடிந்ததும் ஸ்டூடியோக்காரர் கைதட்டினார். அக்கா பிளேட்டை வாங்கி வெகுநேரம் வெளிச்சத்தில் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "நல்லா இருக்கு மக்கா" என்று திருப்பிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. படம் எடுக்க வந்தவன் போல் ஸ்டூடியோக் கண்ணாடி முன் நின்று, வாரிய தலையையே வாரிக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்தார். பிரிண்டை மேசையில் விரித்தார். கண்ணாடிக்குள் அவர் தொப்பியும் என் சீப்பும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன.

"சனியாழ்ச்ச இவிடெ மழ உண்டாயிருந்நோ?" என்றார். சனிக்கிழமை மழையே இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

"இவிடத்தெ மழயல்லே சாரே, ஒரு தெருவுல பெய்யும், அடுத்த தெருவுல பெய்யாது" என்றார் ஸ்டூடியோக்காரர்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். கூட வந்த போலீஸ்காரரும் சிரித்தார். எனக்கு மூச்சு வந்தது. அவர் படத்தைச் சுருட்டப் போனார், பாதியில் நிறுத்தினார், மறுபடி விரித்தார். சுட்டுவிரல் வரிசையின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு குடையாக நகர்ந்தது.

"இதினொந்நும் பிடி இல்லல்லோ" என்றார் மெதுவாக.

குடைக்குப் பிடி. நான் குடைகளைத்தான் வரைந்திருந்தேன். கம்பு இல்லை, வளைந்த பிடி இல்லை, பிடிக்கிற கை இல்லை. எல்லாக் குடைகளும் ஆளில்லாமல் காற்றில் நின்றன. விரல் நடுவில் வந்து ஊன்றியது. அங்கே மட்டும் ஒரு கை. கையில் ஒரு பிடி. உடைந்த பிடியில் அக்கா சுற்றியிருந்த வெள்ளைத் துணி. பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த துணி.

"ஈ குட ஆருடெயா?"

யாருடைய குடை என்று தெரியாது என்றார் ஸ்டூடியோக்காரர். என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடத்தில் விசாரித்துவிட்டார்கள்.

நெய்யாற்றின்கரையில் விசாரணை. முகம் இல்லையே, மறுத்துவிடு என்று நானும் அம்மாவும் கெஞ்சினோம். அவள், "அது என் குடை சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மற்றக் குடைகள் யாருடையவை என்று கேட்டதற்கு, "அவரவர் குடையைத்தானே சார் அவரவருக்குத் தெரியும்" என்றாளாம். வேலை போயிற்று. சின்னம்மையைத் தேடியோ தறிக்கார மாமனைத் தேடியோ யாரும் வரவில்லை. பிற்பாடு எல்லைக் கோடு போட்டார்கள். தெற்கே நாலு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போயின. எங்கள் வீடு கோட்டுக்கு வடக்கே நின்றுவிட்டது. அதற்கு வெகு முன்பே அக்காவுக்குத் திருநெல்வேலியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது.

அவளை ஏற்றிவிட பாறசாலை ஜங்ஷனில் நின்றோம். அம்மா அழுது ஓய்ந்து பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். நாகர்கோவில் பஸ் வளைவில் தெரிந்தது. அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"பிடி வரைஞ்சிருந்தா நீ போக வேண்டியதில்லே அக்கா. மறந்துட்டேன்."

அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றினார். ஒரு கால் படியில் இருக்க, துணி சுற்றிய குடையை இடுக்கிக்கொண்டு திரும்பினாள்.

"நான் அண்ணைக்கே கண்டேன்லே, என்னோடதுக்கு மட்டும்தான் பிடின்னு. ஒரு குடைக்காவது பிடி இருக்கட்டும்னுதான் வாய் மிண்டாம நின்னேன். அம்மைய பாத்துக்க, மக்கா. வாறேன்."