டாக்டரிடம் மறைக்காமல் சொன்னது

கேளம்பாக்கத்தில் மீன் விற்கும் என் மனைவிக்குத் தீராத கழுத்துவலி. எலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டரிடம் போனோம். கை மரத்துப்போகிறது என்று அவள் சொன்னதும், "நான் தொட மாட்டேன்க்கா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

"இங்க வந்தத டாக்டராண்ட சொல்லாத, கத்துவாரு" என்றாள் மனைவி.

ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டரே கேட்டார்: "கழுத்தைத் திருப்பறவங்ககிட்ட போனீங்களா? அவங்க கெடுத்துட்டு அனுப்பற கேஸ்தான் இங்க வருது."

ஐந்தாவதோடு படிப்பை விட்ட எனக்குப் பெரியவர்கள் முன் பேச்சே வராது. அன்று வந்தது. "சார், அவரு தொடவேயில்ல. அவருதான் உங்களாண்ட அனுப்பினாரு."

"கழுத்துல நரம்பு நசுங்கியிருக்கு. தொட்டிருந்தா கை போயிருக்கும். சரியாத்தான் செஞ்சிருக்கார்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும், "வூட்லகூட நீ இவ்ளோ பேசினதில்லயே!" என்று மனைவி சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து, இப்போது அவளே வஞ்சிரம் வெட்டுகிறாள். யாரிடம் வைத்தியத்துக்குப் போனாலும், முன்பு பார்த்தவரைப் பற்றி முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.